வடதுருவப் பக்கத்து ஆதிக்குடிகளப் பத்தி ஆர் ஆர் ஆராய்ச்சி செஞ்சாங்க? வாகரை வேடர் தீசிஸுக்குத் தேவைப்படுது

நூலகப்புள்ள (வந்தாறுமூலை)

எல்லாருக்கும் வணக்கம். நான் கெம்பஸ்ல பைனல் இயர், வாகரைப் பக்கத்து வேடர் சனத்தப் பத்தித் தீசிஸ் செய்யிறன். முதலாம் அத்தியாயத்துல இனவரைவியல் (ஒரு சனத்தோட போய் இருந்து அவங்கட வாழ்க்கைய எழுதுற துறை) எப்பிடித் தொடங்கின எண்டு எழுதணும், அதுக்கு எல்லாரும் எழுதுற மாதிரியே மலினோவ்ஸ்கி எண்ட மானிடவியல்காரர் 1915ல பசிபிக் கடல்ல இரிக்கிற ட்ரோப்ரியண்ட் தீவுக்குப் போனார், கூடாரம் அடிச்சி இருந்தார், அந்த ஆக்கள்ட மொழியப் படிச்சார், அதோட இந்தத் துறை பிறந்திட்டு எண்டு எழுதி, மறுகா இலங்கைக்கு இறங்கி செலிக்மன் எண்ட இங்கிலாந்து ஆராய்ச்சிக்காரப் புருசன் பெஞ்சாதி 1907, 08ல வந்து வேடரப் பாத்தாங்க எண்டு முடிச்சிட்டன். சேர் பக்கம் முழுக்கக் கோடு போட்டு ஓரத்துல "வடக்கப் பாருங்க" எண்டு எழுதித் தந்திருக்கார். வடக்கு எண்டா யாழ்ப்பாணம் இல்ல, சைபீரியா, கிரீன்லாந்து, கனடாட மேல் பக்கம், நோர்வே சுவீடன்ட உச்சி. மலினோவ்ஸ்கிக்கு எவ்வளவோ முதல் அங்க ஆக்கள் வருசக்கணக்காக் கிடந்து வேலை செஞ்சிருக்காங்களாம்.

தேடினா முழுக்க ரஷ்யப் பேரா வருது, அதுல பாதிப்பேர் அரசியல் மறியக்காரர், நாடுகடத்தின ஆக்கள். ஏன் இந்தத் துறையில இத்தின மறியக்காரர் எண்டு விளங்கல்ல. அதோட, அந்தக் குளிர்த் தேசத்துக் கதைக்கும் எங்கட வேடருக்கும் என்ன தொடுப்பு எண்டு கேட்டா சேர் "அத நீங்கதான் கண்டுபிடிக்கணும்" எண்டுறார். இங்க வாசிச்ச ஆக்கள் இரிக்கிறீங்க எண்டு தெரியும், கொஞ்சம் சொல்லுங்க. இங்கிலீஸ்ல மொத்த மொத்தப் புத்தகத்துட பேர மட்டும் தராம கதையாச் சொன்னீங்க எண்டா நல்லம்.

கல்லடிக்காரன்

தங்கச்சி, உங்கட சேர் சரியான ஆள் போல. நான் படிப்பிச்சி ஓய்வெடுத்த ஆள், இந்த விசயத்துல ஒரு பைத்தியம் இரிக்கு, அதால நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்க.

தொடக்கம் 1900மும் இல்ல 1800மும் இல்ல, அதுக்கும் முன்னுக்கு. 1733ல இருந்து 1743 மட்டும் ரஷ்ய அரசு பெரிங் எண்ட கடலோடியத் தலைவராப் போட்டு ரெண்டாம் கம்சட்கா பயணம் எண்டு ஒண்ட நடத்தின. அதுல போன முல்லர் எண்ட ஜெர்மன்காரர் சைபீரியா முழுக்கப் பத்து வருசம் அலைஞ்சார். அவர் 1740ல தனக்குப் பதிலா வரப்போற ஆளுக்கு ஒரு அறிவுறுத்தல் எழுதி வச்சார், 1200க்கு மேல கேள்வி, அதுல பெரும்பங்கு சனத்தப் பத்தினது. என்ன உடுப்பு, புள்ள பிறந்தா என்ன செய்யிற, செத்தா என்ன செய்யிற, எப்பிடிச் சத்தியம் பண்ணுற எண்டெல்லாம். இண்டைக்கு நீங்க பீல்டுக்குக் கொண்டு போற கேள்விக்கொத்துக்கு அதுதான் பாட்டன். அதே பயணத்துல க்ரஷெனின்னிகோவ் எண்ட ஒரு மாணவன, உங்கட வயசுதான் இருக்கும், தனியக் கம்சட்காவுக்கு அனுப்பிட்டாங்க, அந்தப் பொடியன் நாலு வருசம் கிடந்து எழுதினதுதான் அந்த மண்ணப் பத்தின முதல் பெரிய புத்தகம், 1755ல அவர் செத்த கையோட அச்சாகி வந்த.

ஆனா ஏன் அரசு இவ்வளவு செலவழிச்ச எண்டதையும் எழுதுங்க. சைபீரியச் சனம் அரசுக்கு வரியாக் குடுத்தது காசு இல்ல, விலங்குத் தோல், அதுக்கு யசாக் எண்டு பேர். எந்தக் குடி எங்க இருக்கு, எத்தின ஆம்பிள, ஆர் ஆருக்குச் சொந்தம் எண்டு தெரியாம வரி அறவிடேலாது. அறிவுத் தாகம் இருந்த, இல்ல எண்டு சொல்லல்ல, ஆனா வண்டில் கட்டினவன் ஆர் எண்டும் பாக்கணும்.

இனி மறியக்காரர். ஜார் ஆட்சிய எதிர்த்த படிச்ச பொடியன்மாரப் பிடிச்சி சைபீரியாவுக்கும் ஜப்பானுக்கு வடக்க இரிக்கிற சகாலின் தீவுக்கும் அனுப்பின காலம், 1880கள். அதுல மூணு பேரச் சொல்லுறன்: பொகராஸ் கொலிமா ஆத்துப் பக்கம், யோகெல்சன் யகூத்தியா, ஷ்டெர்ன்பெர்க் 1889ல சகாலின். அங்க போய் என்னத்தச் செய்யிற? பேப்பர் இல்ல, கூட்டம் இல்ல, குளிர் காலம் ஏழெட்டு மாசம். பக்கத்துல இரிக்கிற சனத்தோட கதைக்கத் தொடங்கினாங்க. பொகராஸ் சுக்சி மொழி படிச்சார், யோகெல்சன் யூகாகிர் மொழி படிச்சார், ரெண்டுமே வெளியாக்கள் ஆரும் ஒழுங்காப் படிச்சிராத மொழி. மலினோவ்ஸ்கி சொல்லுற அந்த "கிடந்து படிக்கிற" முறைய இவங்க விரும்பிச் செய்யல்ல, திரும்பிப் போகேலாம செஞ்சாங்க.

ஷ்டெர்ன்பெர்க்ட கதைதான் எனக்கு ஆக விருப்பம். மறியலுக்குள்ள சண்டித்தனம் காட்டினார் எண்டு தண்டனையா இன்னும் தூரத்துல ஒரு காவல் கொட்டிலுக்கு அனுப்பினாங்க, அங்கதான் அந்தத் தீவுட ஆதிக்குடியான நிவ்க் சனத்தச் சந்திக்கிறார். அவங்கட சொந்தமுறையக் கேட்டு எழுதுறார். நிவ்க் ஆக்களுக்கு மாமன்ட மகள்தான் முறைப்பொண்ணு, ஆனா அப்பாட தங்கச்சிட மகள் முறை இல்ல, தொடவும் கூடாது. எங்களுக்கு ரெண்டு பக்கமும் மச்சாள்தானே, அவங்களுக்கு ஒரு பக்கம் மட்டும். அதால பொண்ணு குடுக்கிற குலமும் எடுக்கிற குலமும் ஒருநாளும் இடம் மாறாது, இவன் அவனுக்குக் குடுத்தா அவன் இன்னொருத்தனுக்குத்தான் குடுக்கணும். ஷ்டெர்ன்பெர்க் எழுதினது 1892ல மொஸ்கோ பத்திரிகையில வந்து, அத ஏங்கெல்ஸ் (ஓம், அந்த ஏங்கெல்ஸ்தான்) பாத்திட்டு ஜெர்மன்ல தன்ட குறிப்போட போட்டார். ஒரு மறியக்காரன் சகாலின்ல இருந்து எழுதினது! மட்டக்களப்புக் குடிவழி முறை தெரிஞ்ச ஆளுக்கு இத வாசிக்கிறது சரியான ருசி, தங்கச்சி கட்டாயம் வாசிங்க.

அதே தீவுல பில்சுத்ஸ்கி எண்ட போலந்துக்காரர். ஜார் மன்னன் மூன்றாம் அலெக்சாந்தரக் கொல்லப் போட்ட சதியில 1887ல பிடிபட்டவர், லெனின்ட அண்ணனத் தூக்கில போட்ட அதே வழக்கு. இவருக்கு மரணதண்டன பதினஞ்சு வருசக் கடூழியமா மாறின. இவர் அங்கத்த இன்னொரு ஆதிக்குடியான ஐனு சனத்தோட வாழ்ந்து, ஐனுப் பொம்பிளையக் கட்டி, பள்ளிக்கூடம் நடத்தி, 1902, 03ல மெழுகு உருளையில (அந்தக் காலத்துல சத்தம் பதியிற முறை) அவங்கட பாட்டப் பதிஞ்சார். அந்த உருளைகள் உடைஞ்சி பூஞ்சணம் பிடிச்சிக் கிடந்து 1980கள்ல ஜப்பான்ல லேசர் வச்சித் திரும்பப் பாட வச்சிருக்காங்க. செலிக்மன் வேடர்ட பாட்டப் பதிஞ்சதும் இதே மாதிரி மெழுகு உருளையிலதான். தொடுப்பு கேட்டீங்களே, இது ஒண்டு.

ஒலுவில்நானா

கல்லடி சேர் சொன்ன விசயமெல்லாம் சரி, ஆனா இந்த மறியக்காரர் எல்லாரையும் அவுலியா (இறைநேசர்) மாதிரி ஆக்கிறாதீங்க. நான் லைப்ரரியில வேலை செய்யிற ஆள், இந்தப் பகுதிப் புத்தகங்கள் கையால போகும் வரும், சிலது வாசிப்பன்.

1897ல இருந்து 1902 மட்டும் நியூயோர்க் இயற்கை வரலாற்று நூதனசாலை ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தின, ஜெசப் பயணம் எண்டு அதுக்குப் பேர், அது காசு குடுத்தவர்ட பேர். தலைமை பிரான்ஸ் போவாஸ். இவர்தான் 1883ல கனடாட பாபின் தீவுக்குப் போய் இனுயிட் ஆக்களோட (அப்ப எஸ்கிமோ எண்டு சொன்ன சனம்) ஒரு வருசம் இருந்தவர், போனது புவியியல் படிக்க, வந்தது மானிடவியல்காரனா. அமெரிக்காவுல இந்தத் துறைட வாப்பா எண்டே சொல்லலாம். ஆசியாக் கரையும் அமெரிக்காக் கரையும் ஒரே சனமா எண்டு பாக்கிறதுதான் நோக்கம், அதுக்குச் சைபீரியாப் பக்கம் வேலைக்கு எடுத்தது இந்தப் பொகராஸையும் யோகெல்சனையும்தான். பெஞ்சாதிமாரும் போனாங்க. யோகெல்சன்ட பெஞ்சாதி தீனா மருத்துவம் படிச்சவ, படம் எடுத்தது, ஆக்கள்ட மண்டை கை கால் அளந்தது எல்லாம் அவதான். சைபீரியாட கொர்யாக் ஆக்கள்ட மாரிகால வீடு பாதி நிலத்துக்குள்ள, கூரையில புகை போற ஓட்டைக்குள்ளாலதான் ஏணிக் கட்டையப் பிடிச்சி இறங்கணும், உள்ளுக்குப் புகை, கண் எரிச்சல், பேன். அதுக்குள்ள குந்திக்கிட்டு எழுதின தாள்தான் இண்டைக்கு நாம வாசிக்கிற மொத்தப் புத்தகம். கஷ்டப்பட்டாங்க, அத மறுக்கேலாது.

ஆனா அதே நூதனசாலையில அதே 1897ல நடந்த இன்னொண்டு இரிக்கு. றொபட் பியரி எண்ட துருவப் பயணிக்கிட்ட போவாஸ் "ஒரு எஸ்கிமோவக் கூட்டி வாங்க" எண்டு கேட்டிருந்தார், பியரி கிரீன்லாந்துல இருந்து ஆறு பேரக் கப்பல்ல ஏத்திக்கிட்டு வந்தார். நூதனசாலைட கீழ்த்தட்டுல வச்சாங்க. கொஞ்ச மாசத்துல நாலு பேர் நெஞ்சு வருத்தத்துல மௌத்து. அதுல ஒருத்தர் கிசுக், அவர்ட மகன் மினிக் அப்ப ஆறேழு வயசுப் புள்ள. புள்ளைக்குக் காட்டுறத்துக்கு ஒரு கட்டையச் சுத்திப் பொய்யா ஒரு அடக்கம் செஞ்சிட்டு, உண்மையான மையித்துட எலும்ப எடுத்து நூதனசாலையில வச்சிட்டாங்க. அது பொய் எண்டு மினிக் வளந்த பிறகு தெரிய வந்து, வாப்பாட எலும்பத் தாங்க எண்டு கேட்டும் குடுக்கல்ல. அவர் செத்ததே 1918ல. எலும்பு ஊருக்குப் போனது 1993ல, கானாக் எண்ட இடத்துல அடக்கினாங்க. அந்த ஆறு பேர வச்சி ஒரு மாணவன் கட்டுரையும் எழுதினான், குரோபர் எண்டு, பிறகு பெரிய பேராசிரியர்.

இப்ப இலங்கைக்கு வாங்க. செலிக்மனுக்கு இருபது வருசத்துக்கு முதலே, 1880கள்ல, ஸ்விஸ்ல இருந்து ஸாரஸின் எண்ட ஒரே குடும்பத்து ரெண்டு பேர் வந்து வேடர அளந்தாங்க, எலும்புக்கூடும் சேத்துக்கிட்டுப் போனாங்க. எடின்பரோ பல்கலைக்கழகம் 9 வேடர்ட மண்டையோட்ட 2019 நவம்பர்லதான் திருப்பிக் குடுத்த, தம்பானையில இருந்து வேடர் தலைவர் வன்னியலத்தோ போய் வாங்கினார். தங்கச்சி, உங்கட அத்தியாயத்துக்குத் தொடுப்பு மெழுகு உருளை இல்ல, எலும்பு. என்ட அபிப்பிராயம் அது.

கல்லடிக்காரன்

நானா, அவுலியா ஆக்கல்ல. ஆனா மண்டையோடு பொறுக்கப் போனவனையும் எட்டு வருசம் கிடந்து மொழி படிச்சவனையும் ஒரே தராசுல போடேலாது எண்டுதான் சொல்லுறன்.

ஒலுவில்நானா

சேர், யோகெல்சன் மொழியும் படிச்சார், மண்டையும் அளந்தாங்க. ஒரே வீட்டுக்குள்ள. அதத்தான் நானும் சொல்லுறன்.

பின்மார்க்_தம்பிலுவில்

நான் தம்பிலுவில், நோர்வேட உச்சியில பின்மார்க் எண்ட மாகாணத்துல கனகாலம் மீன் பக்டறியில வேலை செஞ்சவன், 90கள்ல எங்கட ஆக்கள் கனக்கப் பேர் அங்கதான் மீன் வெட்டுற பிலே லைன்ல நிண்டாங்க. சாமி இனச் சனம் (நோர்வே சுவீடன்ட உச்சியில இரிக்கிற ஆதிக்குடி) எங்களோட ஒண்டா வேலை செஞ்சிரிக்காங்க, சாப்பிட்டிருக்கம், அதால எனக்கு இது புத்தகக் கதை இல்ல. சைபீரியா பத்தி எனக்குச் சொல்லத் தெரியாது, சாமி ஆக்கள்ட பக்கம் சொல்லுறன்.

ஒலுவில் நானா சொன்ன எலும்புக் கதை அங்கயும் இரிக்கு. 1852ல கௌத்தொகைனோ எண்ட ஊர்ல சாமி சனம் கிளர்ச்சி செஞ்சி, சாராயக் கடைக்காரனும் பொலிசும் செத்து, 1854ல ரெண்டு பேர ஆல்த்தா பக்கத்துல தலை வெட்டினாங்க, ஹெத்தா, சொம்பி எண்டு பேர். உடம்பத் தாட்டாங்க, தலைய ஒஸ்லோவுக்கு ஆராய்ச்சிக்கு அனுப்பிட்டாங்க. சொந்தக்காரர் கேட்டுக் கேட்டு 1997லதான் ரெண்டு தலையும் அங்க திரும்பி வந்து அடக்கின. நான் அந்தக் கோயில்பக்கம் போயிருக்கன், கரையோரம், சின்னப் பலகைக் கோயில். சுவீடன்காரன் அதுக்கு மேல, 1922ல உப்சாலாவுல அரசாங்கக் காசுல இன உயிரியல் நிறுவனம் எண்டே திறந்திட்டான், லுண்ட்போர்க் எண்டவர் தலைவர், சாமிப் புள்ளைகளப் பள்ளிக்கூடத்துல வச்சி உடுப்புக் கழட்டிப் படம் எடுத்து அளந்தாங்க. அங்க வயசான ஆக்கள்கிட்ட கேமராவத் தூக்கினா முகத்தத் திருப்புறது எதால எண்டு எனக்கு இத வாசிச்ச பிறகுதான் விளங்கின. 2019 ஆகஸ்ட்ல லிக்செலே எண்ட ஊர்ல 25 பேர்ட எலும்பத் திருப்பித் தாட்டாங்க, எடின்பரோ மண்டையோடு வந்த அதே வருசம்.

ஆனா இந்தத் தங்கச்சிக்கு நான் சொல்ல வந்தது வேற. 1904ல எமிலி டெமன்ட் எண்ட டென்மார்க் ஓவியக்காரி சுற்றுலா வந்த நேரம் ரெயில்ல யொஹான் துரி எண்ட ஒரு ஓநாய் வேட்டைக்காரரச் சந்திக்கிறா. அவர் சாமி இனத்தவர், எனக்கு எங்கட சனத்தப் பத்தி ஒரு புத்தகம் எழுத விருப்பம் எண்டுறார். அவ போய்ச் சாமி மொழி படிச்சிட்டு 1907, 08ல திரும்பி வந்து ஒரு குடும்பத்தோட கூடாரத்துல இருந்து ரெயின்டியர் (பனிமான்) மந்தையோட நடந்தா. மறுகா ஒரு கொட்டில்ல இருந்து துரி எழுத, இவ அடுக்கி எடுத்து டேனிஷ்ல மொழிபெயர்க்க, கிருனா சுரங்கத்து மனேஜர் காசு குடுக்க, 1910ல புத்தகம் வந்த. ஒரு பக்கம் சாமி மொழி, மறுபக்கம் டேனிஷ். சாமி ஆள் ஒருத்தர் சாமி மொழியில, சமயம் இல்லாத விசயத்துல எழுதின முதல் புத்தகம் அதுதான். அதுல அவர் ரெயின்டியரப் பத்தி, மருந்து பத்தி, ஓநாய் பத்தி எழுதுறார், இந்த அரசாங்கக்காரருக்கு எங்கட வாழ்க்கை விளங்கல்ல, விளங்கினா நியாயம் நடக்கும் எண்டு நினைச்சித்தான் எழுதவே தொடங்கிரிக்கார். வேட்டைக்காரர், கையெழுத்து கோணல் மாணல், பின்னுக்கு வந்த எல்லா ஆராய்ச்சிக்காரரும் அவர்கிட்டத்தான் போய் நிக்கிறாங்க.

இப்ப வருசத்தப் பாருங்க. 1907, 08ல செலிக்மன் ஆக்கள் எங்கட பக்கம். அதே 1907, 08ல எமிலி சாமி ஆக்களோட. அங்க சனத்துட ஆளே எழுதின புத்தகம் வந்திச்சி, இங்க என்ன வந்திச்சி? கரையோர வேடருக்கு ஒரு அத்தியாயம், அதுலயும் இவங்க தமிழரோட கலந்திட்டாங்க, சுத்தமான வேடர் இல்ல எண்டமாதிரி. இதத்தான் நான் எழுதுவன், நான் தீசிஸ் எழுதுற ஆளா இருந்தா.

கதிரவெளித்_தம்பி

நான் படிச்ச ஆள் இல்ல, ஓட்டோ ஓடுறன். ஆனா ஆராய்ச்சிக்காரர ஏத்தி இறக்கின அனுபவம் நிறைய. அதால ஒண்டு சொல்லுவன்.

சண்டை முடிஞ்சி சனம் ஊருக்குத் திரும்பின நேரத்துல இருந்து வாறாங்க, வேன்ல, கேள்விப் போம் கட்டோட. முதல் கேள்வி வேட்டைக்குப் போறீங்களா. இல்ல, மீன் பிடிக்கிறம், தேன் எடுக்கிற காலத்துல தேன் எடுக்கிறம், கூலிக்குப் போறம் எண்டு சொன்னா முகம் சுருங்கும். மறுகா ஒருத்தர் அம்பு வில்லு இரிக்கா எண்டு கேப்பார், இல்லாட்டி கோடரியத் தோள்ல வச்சி நில்லுங்க எண்டுவார், படம் எடுக்க. ஒரு தரம் ஒரு கிழவிக்கிட்ட கிழமைக்கு எத்தின தரம் உடும்பு தின்னுறீங்க எண்டு கேட்டு அந்தப் பொடியன் போம் நிரப்புறான். கிழவி வெத்திலையத் துப்பிட்டுச் சொன்னா, "நீ கிழமைக்கு எத்தின தரம் கோழி தின்னுற எண்டு நான் கேட்டனா மனே, அதையும் எழுது" எண்டு. பொடியன் எழுதல்ல.

போனா திரும்பி வாறது குறைவு. எழுதினத ஒருத்தரும் கொண்டு வந்து காட்டினதும் இல்ல. இங்கிலீஸ்ல எழுதி இருப்பாங்க, காட்டினாலும் விளங்காதுதான், ஆனா காட்டணுமே.

நூலகப்புள்ள

கதிரவெளித் தம்பி சொன்னத வாசிச்சிட்டு என்ட கேள்விக்கொத்த எடுத்துப் பாத்தன், உணவுப் பழக்கம் எண்ட பகுதிய வெட்டிட்டன்.

பின்மார்க் அண்ணன் சொன்ன துரி கதை எனக்குப் பிடிச்சிட்டு. அப்பிடி அந்தச் சனத்துக்குள்ள இருந்தே வந்த ஆராய்ச்சிக்காரர் வேற ஆர் இரிக்காங்க? கனடாப் பக்கம்? அதோட ரஷ்யாவுல புரட்சி வந்த பிறகு இந்த மறியக்காரருக்கு என்ன நடந்த?

ஸ்கார்பரோ_மட்டுநகர்

கனடாவுல இருந்து எழுதுறன், ஊர் ஆரையம்பதி. உங்களுக்குத் தேவையான ஆள் ராஸ்முசன். கிரீன்லாந்துல 1879ல பிறந்தவர், தகப்பன் டேனிஷ் பாதிரியார், தாய்வழியில இனுயிட் இரத்தம். சின்ன வயசுலயே அந்த மொழி, நாய் வண்டில் எல்லாம் பழக்கம். 1921ல இருந்து 24 மட்டும் ஐந்தாம் தூலே பயணம் எண்டு ஒண்டு, ஹட்சன் குடாப் பக்கம் இருந்து நாய் வண்டில்ல அலாஸ்கா மட்டும் போனார், கூடப் போனது ரெண்டு கிரீன்லாந்து இனுயிட் ஆக்கள், அதுல ஒருத்தி அர்னாருலுங்குவாக் எண்ட பொம்பிள. போற இடமெல்லாம் அவர்ட மொழி விளங்கின, அதுதான் பெரிய விசயம், கிரீன்லாந்துல இருந்து அலாஸ்கா மட்டும் சனம் ஒரே மொழிக் குடும்பம் எண்டத அவர் காதால கேட்டு நிரூபிச்சார். கடைசியா பெரிங் நீரிணையத் தாண்டி சைபீரியாவுக்கும் போனார், சோவியத்காரன் நிக்க விடல்ல, திருப்பி அனுப்பிட்டான்.

இக்லூலிக் பக்கம் அவா எண்ட ஷாமன்கிட்ட (ஆவிகளோட கதைக்கிற பூசாரி மாதிரி ஆள்) நீங்க ஏன் இத நம்புறீங்க, ஏன் இந்த விலக்கெல்லாம் எண்டு கேட்டுக்கொண்டே இருந்திரிக்கார். அவா கதை சொல்லிப் பாத்திட்டு, ஒருநாள் வெளியில கூட்டிட்டுப் போய்ப் பனிப்புயலக் காட்டுறார், வேட்டைக்குப் போய் வெறுங்கையோட வாறவனக் காட்டுறார், விளக்குல எண்ணை இல்லாத வீட்டக் காட்டுறார், வருத்தத்துல கிடக்கிற பொம்பிளையக் காட்டுறார். இதெல்லாம் ஏன் எண்டு நீங்க சொல்லுங்க பாப்பம் எண்டு திருப்பிக் கேக்கிறார். எங்களுக்கு நம்பிக்கை இல்ல, பயம்தான் இரிக்கு எண்டுற கருத்து அங்கதான் வருது. ஆராய்ச்சிக்காரன்ட கேள்விய அப்பிடியே புரட்டிப்போட்ட இடம் அது.

இன்னொண்டு, இது உங்கட சேருக்குப் பிடிக்கும். 1970கள்ல கனடா இனுயிட் அமைப்பு தானே ஆராய்ச்சிக்காரர வேலைக்கு வச்சி, வேட்டைக்காரர் ஒவ்வொருத்தர்கிட்டயும் மெப்ப விரிச்சி, எந்த வயசுல எந்தப் பாதையால போனீங்க, எங்க கரிபு மான் அடிச்சீங்க, எங்க மீன் எண்டு அவங்க கையாலயே கீற வச்சாங்க. 1976ல அறிக்கை வந்த. அந்தக் கோடுகள்தான் காணி உரிமைப் பேச்சுக்கு ஆதாரம், அதுல இருந்துதான் 1999 ஏப்ரல் 1ல நுனாவுட் எண்ட தனி ஆட்சிப் பகுதி வந்த. இப்ப அங்க ஆராய்ச்சிக்குப் போறதெண்டா லைசன்ஸ் எடுக்கணும், ஊர் ஆக்கள்கிட்டயும் கேப்பாங்க, எழுதினதத் தமிழ்ல சுருக்கித் தா எண்ட மாதிரி அவங்கட இனுக்டிடுட் மொழியில சுருக்கம் கேப்பாங்க. கதிரவெளித் தம்பிட முறைப்பாட்டுக்கு அங்க சட்டம் இரிக்கு.

கல்லடிக்காரன்

புரட்சிக்குப் பிறகு கேட்டீங்க. பொகராஸும் ஷ்டெர்ன்பெர்க்கும் மறியல்ல இருந்தவங்க, அதால புது அரசுல மரியாதை. லெனின்கிராட்ல வடக்கு இனங்களுக்கெண்டு ஒரு நிறுவனம் 1930ல உருவான, சுக்சி, நிவ்க், ஈவென்க் பொடியன் பொட்டைகளக் கொண்டு வந்து படிப்பிச்சாங்க. எழுத்தே இல்லாத மொழிகளுக்கு லத்தீன் எழுத்துல அகரவரிசை செஞ்சி பாடப்புத்தகம் அச்சடிச்சாங்க. நல்ல காலம் கொஞ்சம்தான். 1937ல லத்தீன் வேணாம், ரஷ்ய எழுத்து எண்டு உத்தரவு, அச்சடிச்ச புத்தகமெல்லாம் வீண். அதே வருசம் க்ரெய்னோவிச் எண்ட மாணவர், நிவ்க் மொழிட ஆகப்பெரிய அறிஞர், பொய்க் குற்றச்சாட்டுல பத்து வருசம் முகாம். ஜார் குருவ மறியலுக்கு அனுப்பினான், அங்க ஆராய்ச்சி பிறந்த. ஸ்டாலின் சிஷ்யன அனுப்பினான், ஆராய்ச்சி நிண்ட. பொகராஸ் 1936ல செத்திட்டார், அவருக்கு அது ஒரு வகையில நல்லம்.

பாண்டிருப்பு_அக்கா

எல்லா ஆம்பிளையளும் ஆம்பிளையள்ட கதையே சொல்லுறீங்க, பின்மார்க் தம்பி மட்டும் எமிலியச் சொன்னார். புள்ள, நீங்க தனியா ஊருக்குள்ள போய் இருக்கப் போறீங்க, அதால ஜீன் பிரிக்ஸ் எண்டவட கதையக் கேளுங்க. 1963ல கனடாவுல ஆத்தோரம் ஒரு சின்ன இனுயிட் குடும்பக் கூட்டத்துக்குப் போனா, ஒரு குடும்பம் அவவ மகளாச் சேத்துக்கொண்ட. அந்த ஆக்கள் கோவமே படாத ஆக்கள், சின்னப் புள்ளைக்கு மட்டும்தான் கோவம் வரும், வளந்த ஆளுக்கு வந்தா வெக்கக்கேடு. இவ அமெரிக்காக்காரி, குளிர், பசி, தனிமை, இடைக்கிட எரிஞ்சி விழுவா. அவங்க ஒண்டும் சொல்ல மாட்டாங்க, சிரிச்சிக்கொண்டு விலகிப் போவாங்க.

ஒருநாள் விடுமுறைக்கு மீன் பிடிக்க வந்த வெள்ளக்காரர் அந்தச் சனத்துட கனூ (சின்ன வள்ளம்) ஒண்ட இரவல் வாங்கி உடைச்சிட்டு, மிச்சம் இரிக்கிற ஒண்டையும் கேக்கிறாங்க. இந்தச் சனத்துக்கு வலை பாக்கப் போக வேற ஒண்டும் இல்ல. வளர்த்த தகப்பன் சரி குடுங்க எண்டுறார். மொழிபெயர்த்துக்கொண்டு நிண்ட இவவுக்கு ஏறிட்டு, அந்த வெள்ளக்காரனப் பாத்து ஏசிட்டா. அந்தச் சனத்துக்காகத்தான் ஏசினா. ஆனா அதுக்குப் பிறகு மூணு மாசம் மட்டும் அந்தச் சனம் அவவோட ஒட்டல்ல, கூடாரத்துக்கு ஆரும் வரல்ல. சாப்பாடு வந்த, கேட்டா மறுமொழி வந்த, அவ்வளவுதான். அத அப்பிடியே மறைக்காம எழுதிட்டா, 1970ல புத்தகமா வந்த. எனக்கு இந்தக் கோட்டு சூட்டுக்காரர் எழுதின எல்லாத்தையும் விட அதுல கனக்க விளங்கின.

நூலகப்புள்ள

எல்லாருக்கும் பெரிய நன்றி. முதலாம் அத்தியாயத்த 1740 கேள்விக்கொத்துல தொடங்கி, ஷ்டெர்ன்பெர்க், மினிக், துரி எண்டு வந்து 1907ல செலிக்மனையும் எமிலியையும் பக்கத்துல பக்கத்துல வைக்கப் போறன். ஒலுவில் நானாட எலும்பும் கல்லடி சேர்ட உருளையும் ரெண்டும் வரும், சண்டை பிடிக்காதீங்க. மலினோவ்ஸ்கிக்கு அரைப் பக்கம் காணும்.

கதிரவெளித் தம்பி, குஞ்சங்குளம் பக்கம் போகணும், சடங்கு நடக்கிற நேரம் பதிவு செய்யலாமா? எழுதினதத் தமிழ்ல கொண்டு வந்து வாசிச்சிக் காட்டுறன்.

கதிரவெளித்_தம்பி

வாங்க தங்கச்சி. சடங்குக்கு முதல் ஒருநாள் வந்து சடங்கு நடத்துற கட்டாடியாரக் கண்டு கதைங்க, அவர் ஓம் எண்டாத்தான் கைபோன வெளிய எடுக்கணும், தெய்வம் ஆடுற நேரம் எடுக்க விடமாட்டார், அதக் கேக்கவும் வேணாம். கடலுக்குப் போன ஆக்கள் விடியத்தான் வருவாங்க, பத்து மணிக்குப் பிறகு வாங்க, அதுக்கு முதல் ஆரும் கதைக்க மாட்டாங்க. வாகரையில பஸ்ஸால இறங்கிட்டு ஒரு கோல் போடுங்க.